கொஞ்சம் சீரியஸ்

1

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. குளிருக்குப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறக்காததற்குப் பழகிவிட்டேன். ஊரிலிருந்து வேளை கெட்ட வேளையில் வரும் போனுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. பொழிச்சலூரில் இருக்கும் என் தம்பி சுரேஷ் ஞாயிறு மதியம்தான் கூப்பிடுவான். வேறு கிழமையில் அவன் பெயர் திரையில் வந்தால் யார் போனார்களோ என்று மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடும். சாமியை வேண்டிக்கொண்டே எடுத்தால், "அண்ணா, போன தடவ வாங்கினியே மிக்ஸி, அதோட வாரண்டி கார்ட எங்க வெச்ச?" என்பான். படுபாவி.

போன வருஷம் நவம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டுட்கார்ட்டில் ஆபீஸுக்குப் போகும் டிராமில் நின்றுகொண்டிருந்தபோது அவன் பெயர் வந்தது.

"அண்ணா, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. குரோம்பேட்டைல ஐசியூல சேத்திருக்கோம். நீ கெளம்பி வந்துடேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, ஆட்டோமொபைல் கம்பெனியில் ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான்.

"அழாதடா," என்றேன். "நான் வரேன். நீ தைரியமா இரு."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. போனைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

2

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கிறவனிடம் சாவை யாரும் நேராகச் சொல்வது கிடையாது. 'கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா' என்பார்கள். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். தெரிந்தாலும் கேட்கிறவன் 'ஆள் இருக்காரா, இல்லையா?' என்று திருப்பிக் கேட்க மாட்டான். அப்படிக் கேட்டால் எங்கே பதில் வந்துவிடுமோ என்கிற பயம்தான்.

நான் காலேஜில் படிக்கும்போது படப்பையில் என் தாய்மாமா மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். சேதி அப்பாவுக்குத்தான் வந்தது. அப்பா அம்மாவிடம், "உங்கண்ணனுக்கு லேசா நெஞ்சு வலியாம், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்," என்று மட்டும் சொல்லி எங்களை வாடகைக் காரில் ஏற்றினார். தாம்பரம் தாண்டும்போது, "ஐசியூல வெச்சிருக்காங்களாம்," என்றார். முடிச்சூரில், "டாக்டர் சரியா ஒண்ணும் சொல்லலியாம்." மண்ணிவாக்கம் வந்ததும், "மனச கொஞ்சம் தேத்திக்கோ." கார் மாமாவின் தெருவில் திரும்பியபோது சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிந்தன. அப்போதுதான் அம்மா அலறினாள். அப்பா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். இருபது கிலோமீட்டருக்கு ஒரு சாவைப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார் மனிதர். அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

எட்டு வருஷம் முன்னால் அம்மா போனபோது எனக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. சுரேஷ் கூப்பிட்டான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், வந்துடு," என்றான். மடையன் நான், நம்பினேன். விமானத்தில் உட்கார்ந்து வேண்டாத தெய்வமில்லை. மாடம்பாக்கம் கோயிலில் அபிஷேகம் செய்வதாக நேர்ந்துகொண்டேன். பழனிக்கு மொட்டை என்றேன். அந்த நேரம் முழுக்க அம்மா ஐஸ் பெட்டியில் படுத்திருந்தாள். மீனம்பாக்கத்தில் வெளியே வந்தால் சுரேஷ் இல்லை, அவனுடைய மச்சான் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி ஒரு முறை இப்படி நம்பி ஏமாறக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். போன வருஷம் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த முடிவுதான்.

3

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு சித்தப்பா பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார். அன்று போடவில்லை. யாருமே எதுவும் போடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

ஆபீஸில் லீவு விஷயங்களைப் பார்ப்பவள் பெட்ரா. பெற்றோர் இறந்தால் இரண்டு நாள் தனி விடுப்பு உண்டு, அதற்கு ஒரு படிவம் உண்டு. ஜெர்மனியில் எதற்குத்தான் படிவம் இல்லை? எல்லாவற்றையும் நிரப்பினேன், இறந்த தேதி என்ற கட்டத்தைத் தவிர.

"எப்போது இறந்தார்?" என்று கேட்டாள் பெட்ரா.

"தெரியாது. இன்னும் சொல்லவில்லை."

"யார் சொல்லவில்லை?"

"என் தம்பி. அப்பாவுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது என்று சொன்னான்."

"அப்படியானால் உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார்."

"இல்லை. இறந்துவிட்டார். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்."

பெட்ரா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல இல்லை, பாவம் என்பதுபோலத்தான் பார்த்தாள். இரண்டு வருஷம் முன்னால் அவளுடைய அம்மா இறந்தபோது, ஆப்பிள் கடித்துக்கொண்டே எங்கள் அறைக்கு வந்து, "வெள்ளிக்கிழமை அம்மா இறந்துவிட்டாள், வியாழக்கிழமை அடக்கம், அன்று நான் வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள். என்ன ஜென்மம் இது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பார்த்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பேசவில்லை. பயமாக இருந்தது.

தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டேன்.

அன்று மாலையே ஒரு விமானத்தில் ஒரு இடம் இருந்தது. நான் மட்டும் போயிருக்கலாம். ஆனால் அப்பாவே போய்விட்ட பிறகு நான் மட்டும் ஓடி என்ன ஆகப்போகிறது? என் மனைவி உமாவும் மகள் யாழினியும் கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கட்டும், ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். யாழினிக்கு ஜெர்மன் பாஸ்போர்ட். இந்தியா போவதற்கு அவளுக்கு விசா வேண்டும். போட்டோவின் பின்னணி வெள்ளையாக இல்லை என்று இணையதளம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. விசா வந்ததும் மூன்று பேரும் வருகிறோம் என்று சுரேஷுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'சரிண்ணா' என்று பதில் வந்தது. வீட்டுக்குப் போனதும் தலை முழுகினேன். சாவுச் சேதி கேட்டால் செய்ய வேண்டியதுதானே.

அன்று மாலை அப்பாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நான் முதல்முறை வெளிநாடு கிளம்பியபோது விமான நிலையத்துக்குக்கூட வரவில்லை. மறுநாள் போனில் பேசும்போது, "உன் பிளைட் பன்னெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தான்," என்றார். பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் ஏறும். மொட்டைமாடியில் கைக்கடிகாரத்தோடு நின்றிருக்கிறார். அதை நினைத்து அழுதேன். வாய்விட்டு அழுதேன். உமா என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

மறுநாள் பெட்ரா ஒரு இரங்கல் அட்டை கொடுத்தாள். கறுப்புக் கரை போட்டது. பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

4

யாழினிக்கு அப்போது பதினைந்து வயது. புதன்கிழமை ஸ்கூல் முடிந்து வந்தவள், பையை இறக்காமலே, "அப்பா, பியூனரல் எப்போ? எனக்குத் திங்கட்கிழமை மேத்ஸ் டெஸ்ட் இருக்கு, டீச்சர்கிட்ட சொல்லணும்," என்றாள்.

"தெரியலம்மா. போய்த்தான் தெரியும்."

"சித்தப்பாவைக் கேளுங்க."

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

"ஏன் கேக்கக் கூடாது?"

உமாவைப் பார்த்தேன். அவள் பெட்டியில் துணி அடுக்குவதில் மும்முரமாகிவிட்டாள். பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது பெரியவர்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு வேலை வருமோ.

"நீங்க பயப்படறீங்க," என்றாள் யாழினி. அவமதிப்பாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு தன்னுடைய போனை எடுத்து வீடியோவில் சுரேஷைக் கூப்பிட்டுவிட்டாள். நான் எழுந்து பிடுங்குவதற்குள் அவன் முகம் வந்துவிட்டது. பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர். நாலு நாள் தாடி.

"சித்தப்பா, தாத்தா செத்துட்டாரா?"

தவறிட்டார், காலமாயிட்டார் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஐயையோ! யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?" என்று சுரேஷ் கத்தினான். "உயிரோடதான்மா இருக்கார். மூச்சுதான் திணறுது. கண்ணு முழிக்கிறப்பல்லாம் பெரியவன் கெளம்பிட்டானா, கெளம்பிட்டானான்னு கேட்டுட்டே இருக்காரு. உங்கப்பன் என்னடான்னா விசா, போட்டோன்னு மெசேஜ் அனுப்பிட்டிருக்கான். எனக்குக் கோவம் கோவமா வருது."

போனை வாங்கி, "நீ ஏன்டா அழுத?" என்று கேட்டேன்.

"பயமா இருந்துச்சுண்ணா. அழக் கூடாதா?"

அம்மாவின் சாவைக் கல் மாதிரி மறைத்தவன், இந்த முறை உண்மையைச் சொல்லியிருக்கிறான். உண்மையைச் சொல்லும்போது அழுதிருக்கிறான். அந்த அழுகையைத்தான் நான் சாவு என்று எடுத்துக்கொண்டேன்.

உமா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "உயிரோட இருக்கிற மனுஷனுக்குத் தல முழுகிட்டீங்களேங்க," என்றாள். பிறகு மேஜையில் இருந்த கறுப்புக்கரை அட்டையைப் பார்த்தாள். "முதல்ல இத வெளிய கொண்டுபோய்ப் போடுங்க." அவளே எடுத்துக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் கீழே குப்பைத் தொட்டிக்கு ஓடினாள். வெளியே அப்போது இரண்டு டிகிரி குளிர்.

அதுவரைக்கும் எனக்கு இருந்தது துக்கம். துக்கத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது, இனி ஒன்றும் நடக்காது என்று. இப்போது அப்பா உயிரோடு இருந்தார், கேட்டுக்கொண்டிருந்தார், நான் ஒன்றரை நாளைப் போட்டோவின் பின்னணிக்காகக் கழித்திருந்தேன். அதற்குப் பிறகு பட்ட பயம் என் எதிரிக்கும் வரக் கூடாது.

5

வியாழன் காலை விசா வந்தது. மதியம் கிளம்பி, துபாயில் மாறி, வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினோம். வெளியே சுரேஷே நின்றிருந்தான். தூரத்திலிருந்து அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அவன் ஆஸ்பத்திரியை விட்டு வந்திருக்கிறான் என்றால் அப்பா இருக்கிறார்.

"இருக்காருண்ணா," என்றான், நான் கேட்பதற்கு முன்பே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ளவில்லை. அவன் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தான்.

குரோம்பேட்டை போகும் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லா சிக்னலும் எங்களுக்காகவே சிவப்பாக விழுந்தது. ஐசியூ வாசலில் டாக்டர் என்னிடம், "இதயம் வீக்கா இருக்கு சார், கிட்னியும் ஒத்துழைக்கல, பார்ப்போம்," என்றார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற யாழினி ஆங்கிலத்தில், "அவர் இறந்துவிடுவாரா?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவளிடம் மட்டும், அதிகம் போனால் இரண்டு வாரம் என்று சொன்னார். மூன்று நாளாக சுரேஷிடம் சொல்லாததை இவளிடம் சொன்னார். கேட்டால் சொல்கிறார்கள். அது எனக்குத் தெரியவே தெரியாது.

முதலில் நான் உள்ளே போனேன். அப்பா மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது ஒரு நொடிதான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உமா நிற்பதைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார். என்னைத் திரும்பப் பார்த்தபோது கண்ணில் சிரிப்பு இல்லை.

"எல்லாரும் வந்துட்டீங்களா?"

"ஆமாம்ப்பா. லீவு."

"நவம்பர் கடைசியில என்னடா லீவு?"

தாம்பரம் தாண்டி ஒன்று, முடிச்சூரில் ஒன்று என்று அளந்து கொடுத்த மனிதரிடம் நான் என்ன பொய் சொல்லி ஜெயிப்பது? வெளிநாட்டுப் பிள்ளை குடும்பத்தோடு வந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கை போர்வையைப் பிடித்துக் கசக்க ஆரம்பித்தது. என் அப்பா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"டாக்டர் என்னடா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"பாப்பாவ வரச்சொல்லு. நீ பொய் சொல்லுவ. அவ சொல்ல மாட்டா."

நர்ஸ் அவளை உள்ளே விட்டாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடாதே என்று கண்ணால் ஜாடை காட்டக்கூட முடியவில்லை, அப்பா என்னையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எல்லாரும் எதுக்கு வந்திருக்கீங்க? நீ சொல்லு."

யாழினி கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவர் போர்வையைக் கசக்குவதைப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல ஹீட்டர் ரிப்பேர் தாத்தா," என்றாள். "பைப் வெடிச்சு கிளாஸ் பூரா தண்ணி. பத்து நாள் மூடிட்டாங்க. நான்தான் தாத்தா வீட்டுக்குப் போலாம்னு சொன்னேன்."

அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெஞ்சு குலுங்கச் சிரித்தார். "ஜெர்மன்காரன் ஹீட்டரே ரிப்பேரா! நம்ம ஊரு பிளம்பர அனுப்பி வைக்கிறதா?" கை போர்வையை விட்டது. நர்ஸைக் கூப்பிட்டு அவளுக்கும் இந்தக் கதையைச் சொன்னார். அன்று சாயங்காலம் ஊசி போட வந்த பையனிடமும் சொன்னார்.

நாங்கள் வந்த பதினோராம் நாள் போய்விட்டார். பயமில்லாமல்தான் போனார், சுரேஷும் நானும் பக்கத்தில் இருந்தோம். காரியம் எல்லாம் முடிந்து திரும்பும்போது விமானத்தில் யாழினியிடம், "அன்னிக்கி ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"தாத்தா உண்மைய கேக்கலப்பா," என்றாள். "பயப்பட வேண்டாம்னு சொல்லச் சொல்லிக் கேட்டார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் பெண் எங்களில் ஒருத்தியாகிவிட்டாள் என்று பெருமையாகத்தான் இருந்தது. ஜெர்மன்காரியாகவே போய்விடுவாளோ என்று எத்தனை வருஷம் கவலைப்பட்டிருக்கிறோம்.

6

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்தது.

ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் செய்துகொள்ளும் வயிற்றுப் பரிசோதனை ஒன்றை நானும் செய்துகொண்டேன். ஒரு சதைத் துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு தபாலில் வரும் என்றார்கள். என்னுடைய ஜெர்மன் ரொட்டிக் கடைக்கும் ஆபீஸ் படிவத்துக்கும் போதும், ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குப் போதாது. கவர் வந்ததும் யாழினியிடம் கொடுத்தேன். மேஜைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கம். முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னம்மா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. ரொட்டீன்தான். அடுத்த வாரம் ஒரு தடவ வரச்சொல்லியிருக்காங்க. நானும் கூட வரேன்."

கடிதத்தை மடித்துத் தன்னுடைய ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டாள். பைலில் போட்டுவிடுகிறாளாம். கேட்டால் சொல்லிவிடுவாளா, கேட்டாலும் சொல்ல மாட்டாளா? இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள். பாத்திரத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, டீ போடட்டுமா உங்களுக்கு?"

பதினாறு வருஷத்தில் என் பெண் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"போடும்மா," என்றேன்.